சிவப்புக் கோடு போட்ட இரண்டு நாட்கள்

மார்ச் 5

அன்புள்ள மகளுக்கு,

நலம்தானே என்று கேட்கும் மனநிலையில் நான் இல்லை. நேரில் என்றால் எனக்கு நாக்கு எழாது. அதனால்தான் லாயக்காரர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நேற்று நம் குதிரை கறுப்பி உன்னைக் கீழே தள்ளினாள். நீ எழுந்து அவளைச் சாட்டையால் நான்கு முறை அடித்தாய். காரணமில்லாமல் தள்ள அவளுக்கென்ன பைத்தியமா? இரண்டு மாதமாகக் கருவி கட்டி அவள் இதயத்துடிப்பைக் குறித்து வருகிறேன். சும்மா நிற்கையில் நிமிடத்துக்கு முப்பத்தாறு. லாயக்காரர் ஏறினால் நாற்பத்தைந்து. நீ ஏறி உட்கார்ந்ததும், ஓரடி வைக்கும் முன்பே, எண்பத்து நான்கு! உன் தொடை இறுகுகிறது, அவள் முதுகு கல்லாகிறது. பதற்றம் உன்னுடையது, அடி அவளுக்கா? இப்போது விற்கவும் போகிறாயாம். வெட்கமாக இல்லை? என் குறிப்பில் தவறிருந்தால் சொல். இருக்காது என்றே நினைக்கிறேன்.

அப்பா

மார்ச் 7

அப்பாவுக்கு,

அடித்தது தப்பு. அன்று மாலையே அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன். அதை நீங்கள் குறித்திருக்க மாட்டீர்கள்.

லாயத்தில் தொங்கும் உங்கள் நோட்டைப் பார்த்தேன். நான் ஏறிய நாட்களில் இரண்டு நாள் மட்டும் நாற்பத்தாறு, நாற்பத்தெட்டு. இரண்டையும் சிவப்பு மையால் அடித்து, 'கருவிக் கோளாறு' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இரண்டு நாளும் நீங்கள் கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தீர்கள், அப்பா. குறித்தது லாயக்காரர்.

மற்ற நாளெல்லாம் வேலியோரம் நீங்கள். வாயைத் திறந்து திட்டினாலாவது பரவாயில்லை. தொண்டையைச் செருமுவீர்கள். சின்ன வயதில் என் பரீட்சைத் தாளைப் பார்த்துச் செருமிய அதே செருமல். தொடை இறுகாமல் என்ன செய்யும்? லாயக்காரரே சொல்கிறார்: "அய்யா செருமினா, குதிரைக்கு முந்தி உனக்குத்தான் பாப்பா காது விடைக்குது."

கறுப்பி இல்லையென்றால் நீங்கள் வேலிக்கு வரமாட்டீர்கள். அதற்காகத்தான் விற்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆள் வருகிறார்.

மகள்

மார்ச் 11

மகளுக்கு,

உன் கடிதத்தைக் கசக்கி எறிந்தேன். பிறகு எடுத்து நீவினேன். பெற்ற அப்பனுக்கு எழுதுகிற கடிதமா அது?

மூன்று நாளாக வேலிப்பக்கம் வரவில்லை. வீட்டில் உட்கார்ந்து கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாலையில் லாயக்காரர் நோட்டையும் கருவியையும் கொண்டுவந்து எண்ணைச் சொல்லிவிட்டுப் போனார். நாற்பத்தேழு. நாற்பத்தைந்து. இன்று நாற்பத்து நான்கு. "பாப்பா சிரிச்சுக்கிட்டே இறங்குச்சுங்க அய்யா" என்றார்.

கருவியில் கோளாறில்லை. அந்தச் சிவப்புக் கோடுகளை அழித்துப் பார்த்தேன், தாள்தான் கிழிந்தது.

எனக்கு ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. யார்மேல் என்றுதான் சரியாகத் தெரியவில்லை. ஞாயிறு வருகிறவரைத் திருப்பி அனுப்பிவிடு. கறுப்பி இருக்கட்டும். நோட்டையும் கருவியையும் இத்துடன் கொடுத்தனுப்புகிறேன். அவளைப் பார்க்கத் தோன்றினால், நீ இல்லாத நேரம் எதுவென்று லாயக்காரரிடம் கேட்டுக்கொண்டு வருகிறேன்.

அப்பா