ஆறாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டில் முப்பத்தேழு

டுலூத்,
பிப்ரவரி 19

அன்பு மகள் மார்கிட்டுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம், அங்கே ஹோபார்ட்டில் உன் இருமல் விட்டு நீ நன்றாகத் தூங்குகிறாய் என்று நம்புகிறேன். நீ போனை வைத்துப் பதினோரு நாள் ஆகிறது. நானாக மறுபடி கூப்பிட்டால் வாக்குவாதமாகிவிடும், அதனால் எழுதுகிறேன். தபாலுக்குப் பொறுமையில்லை, மின்னஞ்சலில்தான் வரும்.

ஏரி கரையிலிருந்து நான்கு மைல் வரை உறைந்து கிடக்கிறது, அப்பா மீன்பிடிக் கூடாரத்தை இழுத்துக்கொண்டு போய்ப் போட்டிருக்கிறார், முழங்கால் வலி என்று சொல்வதெல்லாம் வீட்டுப் படியேறும்போது மட்டும்தான். பக்கத்து வீட்டு டோரிஸ் இடுப்பு அறுவை முடிந்து வந்துவிட்டாள், காட்டரிசி சூப் கொண்டுபோய்க் கொடுத்தேன், உப்பு போதவில்லை என்றாள், ஆகவே தேறிவிட்டாள் என்று தெரிந்துகொண்டேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அன்றைக்கு நான் பாதி சொல்வதற்குள் நீ கோபித்துக்கொண்டாய், முழுவதையும் கேள். மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் இருபத்தாறு வருஷம் காய்ச்சல் கணக்கெடுத்துவிட்டு ஓய்வுபெற்றவள் சும்மா இருக்க முடியாமல்தான் இந்த இலவச மென்பொருள்காரர்களின் கணக்கெடுப்பில் சேர்ந்தேன், உனக்குத் தெரியும். சம்மதம் சொன்ன கணினிகள் மட்டும் வாரம் ஒருமுறை தங்களிடம் என்னென்ன மென்பொருள் தொகுப்பு இருக்கிறது, எதெல்லாம் உண்மையில் ஓடுகிறது என்று பெயர் சொல்லாமல் ஒரு சீட்டு அனுப்பும், நாங்கள் கூட்டிப் போடுவோம். ஏரிப் பனிக்கட்டியின் கனத்தை வரைந்து காட்ட நீ எழுதின தொகுப்பு மூன்று வருஷமாக முப்பத்தைந்து, முப்பத்தாறு என்று நின்றது. ஜனவரியில் திடீரென்று ஆறாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு. நீ கூப்பிட்டு "அம்மா, ஆறாயிரம்மா! இன்ஸ்டிட்யூட்டுக்கு எழுதின வேலை விண்ணப்பத்துல முதல் வரியே அதுதான்" என்று கத்தினாய். அப்பா தேவாலயத்தில் காப்பி குடித்த ஒருவரையும் விடவில்லை. நானும் சந்தோஷப்பட்டேன், இரண்டு நாள்.

மூன்றாம் நாள் சீட்டுகளைப் பிரித்துப் பார்த்தேன். ஒவ்வொரு கணினிக்கும் ஓர் எண் உண்டு, வாராவாரம் அதே எண் வரவேண்டும். உன்னுடைய ஆறாயிரத்து முந்நூற்று எழுபத்தைந்து எண்கள் ஆளுக்கு ஒரே ஒரு தடவை வந்தன, பிறகு தலைகாட்டவே இல்லை. எல்லாவற்றிலும் அச்சு அசலாக ஒரே பட்டியல். பத்து வீட்டில் ஒரே நாளில் ஒரே காய்ச்சல் என்றால் முதலில் கிணற்றைப் பார் என்று எங்கள் அலுவலகத்தில் சொல்வோம். சீட்டில் பெயர் இருக்காதே, அதனால் எல்லாரும் படிக்கும் பொது மடலில் விசாரித்து எழுதினேன். கன்சாஸ் பக்கம் ஒரு பரிசோதனைக்கூடத்துப் பையன் பதில் போட்டான்: "ஐயையோ, அது நாங்கதாங்க. எங்க மெஷின் ஒண்ணே ஒண்ணுதான். அதுக்குள்ள சோதனைக்காக நிமிஷத்துக்கு ஒரு கணினிய உருவாக்கி உடனே அழிச்சிடுவோம். ஒவ்வொண்ணும் சாகறதுக்கு முன்னாடி உங்களுக்குச் சீட்டு அனுப்பிருக்கு போல. மன்னிச்சிடுங்க." உன் தொகுப்பு அதற்குத் தேவைகூட இல்லையாம், பழைய பட்டியல் ஒன்றை நகலெடுத்ததில் ஒட்டிக்கொண்டு வந்ததாம்.

என்னோடு கணக்குப் பார்க்கும் வினிபெக் டெஸ்மண்ட் நல்ல மனிதன். "வெர்னா, இது உங்க பொண்ணு சமாச்சாரம், நீங்க தொடாதீங்க. மார்ச்சுல பொதுவா திருத்தும்போது இதையும் சேர்த்துத் திருத்திடலாம். அதுக்குள்ள அவ விண்ணப்பம் முடிஞ்சிடும், யாரு கேக்கப்போறா?" என்றான். மறைக்காமல் சொல்கிறேன், ஒரு நாள் முழுக்க அதை யோசித்தேன். அப்பாவிடம் கேட்டேன். "திருத்தினா அவளுக்கு வேலை போகும், திருத்தலேன்னா உனக்குத் தூக்கம் போகும். ரெண்டுல எது என்னால தாங்க முடியும்னு தெரியலடி" என்று சொல்லிவிட்டுத் தூண்டிலை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வேறு யாருடைய தொகுப்பாக இருந்தாலும் அன்றைக்கே வெட்டியிருப்பேன். அதுதான் என்னைத் தீர்மானிக்க வைத்தது. ஒரே தடவை வந்த எண்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்று எல்லாருக்கும் பொதுவாக விதி எழுதினேன், உன்னுடையதோடு இன்னும் இருநூற்றுப் பதினாலு தொகுப்புகளின் எண்ணிக்கையும் இறங்கியது. வெளியிடுமுன் நீ என் வாயால் கேட்கட்டும் என்றுதான் சனிக்கிழமை சாயங்காலம் கூப்பிட்டேன். "ஊருல எத்தனையோ தப்புக் கணக்கு இருக்கு, உனக்கு என் கணக்குதான் கெடைச்சுதா?" என்று கேட்டாய். உடனே போனை வைத்துவிட்டாய்.

திங்கட்கிழமை பட்டியலை ஏற்றிவிட்டு, உன் தொகுப்பின் இணையப் பக்கத்துக்குப் போனேன், அங்கே எழுதியிருப்பதை மாற்றச் சொல்லி உனக்கு எப்படி எழுதுவது என்று பார்ப்பதற்கு. அங்கே முப்பத்தேழு என்று இருந்தது. கீழே, முந்தைய எண் தவறு, மன்னிக்கவும் என்று ஒரு வரி. மாற்றிய நேரத்தைப் பார்த்தேன், நீ என்னிடம் போனை வைத்து நாற்பது நிமிஷம். அவ்வளவு கோபத்தோடு உட்கார்ந்து மாற்றியிருக்கிறாய். நான் சமையலறைக்குப் போய்க் கழுவின பாத்திரங்களையே இன்னொரு தடவை கழுவினேன்.

முப்பத்தேழு என்பது முப்பத்தேழு பேர்தான் என்று யாராவது சொன்னால் நம்பாதே, சம்மதம் சொல்லாதவர்கள் கணக்கில் வருவதில்லை. அவர்கள் எத்தனை பேர் என்று எனக்கும் தெரியாது, ஊகித்துச் சொல்லவும் மாட்டேன். ஆனால் இதைச் சொல்லலாம்: முப்பத்தேழில் முப்பத்தொன்று வாராவாரம் உண்மையிலேயே அதை ஓட்டுகின்றன, நிறுவிவிட்டு மறந்தவை இல்லை. பெரிய தொகுப்புகளில்கூட இந்த விகிதம் அபூர்வம். விஸ்கான்சின் கரையில் உறைந்த ஏரி மேல் வண்டிகளுக்குப் பனிப்பாதை போடும் லோர்ன் என்பவர் உனக்குப் புகார் எழுதியிருக்கிறாரே, பார்த்தாயா? "படம் லேட்டா வருதும்மா, காலைல ஸ்கூல் வண்டிய ஐஸ் மேல விடலாமா வேணாமான்னு இத வெச்சுத்தான் முடிவு பண்றோம்." அவருக்கு முதலில் பதில் போடு. இன்ஸ்டிட்யூட் என்ன சொன்னது என்று நான் கேட்கப்போவதில்லை, நீயாகச் சொன்னால் கேட்டுக்கொள்வேன்.

அங்கே இப்போது கோடை, வெயிலில் தொப்பி இல்லாமல் அலையாதே. இருமல் மருந்தைப் பாதியில் நிறுத்தாதே. ஞாயிற்றுக்கிழமை அப்பாவைக் கூப்பிடு, என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை. தேவாலயத்தில் எல்லாரிடமும் போய் "ஆறாயிரம் இல்ல, முப்பத்தேழு" என்று அதே பெருமையோடு சொல்லிக்கொண்டு திரிகிறார். நேற்று மெதுவாக வந்து, அந்த முப்பத்தேழில் ஒன்று தன் மடிக்கணினிதான், அதையும் கழிக்கப்போகிறாயா என்று கேட்டார். தினம் காலையில் கூடாரத்துக்குப் போகுமுன் திறந்து பார்க்கிறார், உண்மையாக ஓடுகிறது, கழிக்க விதியில் இடமில்லை என்றேன்.

நீ நீண்ட நாள் நலமாக, தலைநிமிர்ந்து இரு.

உன் அம்மா,
வெர்னா