போர்டை மூடிய வேட்டி

பீரோவைத் திறந்ததும் அந்துருண்டை வாசனையோடு உங்கள் எட்டு முழ வேட்டி கையில் தட்டுப்பட்டது. சலவை செய்து வைத்தது. நாளை எதிர்சேவை, மதுரைக்கு வரும் அழகரை ஊரே எதிர்கொண்டு வரவேற்கும் நாள். நம் காபிக்கடைப் போர்டுக்கு அது வேண்டும்.

போன வாரம் காபிக் கம்பெனி, அதன் பெயரில் கடை நடத்தப் புதிதாக ஃப்ரான்சைஸ் எடுத்தவர்களுக்குக் கூட்டம் நடத்தியது. மூத்த உரிமையாளர் என்று என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். ஒரு பெண் எழுந்தாள். "மேடம், கம்பெனி ரூல் ஒண்ணு சொல்லுது, நம்ம ஊர்ச் சனம் ஒண்ணு கேக்குது. யார் பக்கம் நிக்க?"

எனக்கு உங்கள் முகம்தான் நினைவுக்கு வந்தது.

ஓய்வுப் பணத்தையெல்லாம் போட்டு அழகர்கோவில் சாலையில் அந்தக் கடையை எடுத்திருந்தோம். சில வருடங்களுக்கு முன் ஒரு சித்திரை, ஒப்பந்தம் புதுப்பிக்கும் மாதம். அழகரைப் பார்க்க நடந்து வரும் சனத்துக்குப் பக்கத்துக் கடைக்காரர்களெல்லாம் மோர்ப் பந்தல் போட்டார்கள். நீங்களும் போட வேண்டும் என்றீர்கள். ஒப்பந்தத்தை வரிவரியாகப் படித்தவள் நான். கம்பெனி போர்டின் கீழ், கம்பெனி தராத எதையும் இலவசமாகக்கூடக் கொடுக்கக்கூடாது. மீறினால் கடை போய்விடும்.

"யாருண்ணே பாக்கப் போறா? பேப்பர் கப்புல ஊத்திக் கொடுத்துருவோம்," என்றார் மேலாளர் பாண்டி.

"நாம பாப்போம்ல," என்றீர்கள்.

பிறகு என் பக்கம் திரும்பினீர்கள். "கான்வென்ட்டம்மா, ஒரு நாள் கடைய அடைக்க ஒப்பந்தத்துல வழி இருக்கா?"

இருந்தது. முன்கூட்டி எழுதித் தெரிவிக்க வேண்டும். ஆனால் ஆண்டிலேயே அதிகம் விற்கும் நாள் அது. "புதுப்பிக்கிற நேரத்துல இது தேவையாங்க?" என்றேன்.

"எழுதும்மா. பிசகில்லாம எழுது."

எழுதினேன். எதிர்சேவை அன்று காலையில் நீங்களே ஏணியில் ஏறினீர்கள். நான் பிடித்துக்கொண்டேன். உடுத்தாத வேட்டியை விரித்து, ஓர் எழுத்துகூடத் தெரியாமல் போர்டை மூடினீர்கள். பணியாளர்கள் கம்பெனித் தொப்பியையும் சட்டையையும் மாற்றினார்கள். அதன் பிறகுதான் மோர்ப் பானைக்குள் அகப்பை இறங்கியது.

நடுப்பகலில் சென்னையிலிருந்து அதிகாரி வந்து இறங்கினார். "இவ்ளோ கூட்டம் வர்ற நாள்ல போர்டை மூடிட்டு நிக்கிறீங்களே சார்?"

"போர்டு உங்களோடது தம்பி. ரோடு அழகரோடது. நான் ரெண்டுக்கும் கட்டுப்பட்டவன். மோர் குடிங்க, வெயிலு அம்புட்டு இருக்கு."

அவர் அண்ணாந்து வேட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். மோர் டம்ளரை அவர் கையில் கொடுத்தேன். குடித்துவிட்டு டம்ளரை மறுபடியும் நீட்டினார். "எங்க ஆபீஸ்லயே இந்த போர்டுக்கு இவ்ளோ மரியாதை கிடையாது சார்," என்றார்.

ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. நான் வியந்தது அதற்காக அல்ல. அன்றைக்குப் பிறகு பழைய டிக்காஷனைக் கம்பெனி விதிப்படி நம் ஆட்கள் தாமாகவே கொட்டினார்கள், நாம் கடையில் இல்லாத நேரத்திலும். நீங்கள் அவர்களைக் கூட்டிவைத்து ஒரு வார்த்தை பேசியதில்லை. விற்பனை போனாலும் முதலாளி வாக்கை மீறவில்லை என்பதை அவர்கள் கண்ணால் பார்த்திருந்தார்கள். எதையும் லேசில் மெச்சாத நான் இன்றுவரை அதை மலைத்துப் பார்க்கிறேன்.

கூட்டத்தில் அந்தப் பெண்ணுக்கு இதைத்தான் சொன்னேன். அவள், "அப்ப முதல்ல ஒரு ஏணி வாங்கணும் மேடம்," என்றாள். அரங்கமே சிரித்தது.

நீங்கள் இல்லாததால் நாளை பாண்டி ஏறுவார். "நீங்க உக்காருங்கம்மா, வேற யாராச்சும் பிடிக்கட்டும்," என்கிறார்.

ஏணியை நான் யாரிடமும் விடுவதாக இல்லை.