துண்டுச்சீட்டில் இல்லாத கேள்வி

தை மாதம், வெள்ளி இரவு. மயிலாப்பூர் அறை.

இன்று என் பிஎச்.டி. வைவா முடிந்தது. பழைய மீன் மார்க்கெட்டில் வியாபாரம் செய்த பெண்களைப் பற்றி ஆறு வருடம் ஆராய்ந்தேன். இனி நான் டாக்டர். யார் என்ன கேட்க வேண்டும் என்று ஜூனியர்களுக்கு நேற்றே துண்டுச்சீட்டு கொடுத்திருந்தேன். எங்கள் துறையில் எல்லோரும் செய்வதுதான். அவர்கள் சீட்டைப் பார்த்துக் கேட்டார்கள், நான் ஒப்பித்தேன், கைதட்டினார்கள். சமோசா தீர்ந்ததும் அரங்கு காலி.

டீ ஊற்ற வந்த ராணியக்கா மட்டும் நின்றிருந்தார். பின்வரிசையிலிருந்து முழுக்கக் கேட்டாராம். டம்ளர்களை அடுக்கிக்கொண்டே கேட்டார்:

“ஏம்மா, மார்க்கெட்ட இடிச்சப்புறம் அந்தப் பொம்பளைங்கோ எங்க போனாங்கோ? இப்போ இன்னா பண்ணிக்கினு கீறாங்கோ?”

எனக்குத் தெரியாது. ஆனால் தெரியாத கேள்வி வந்தால் சொல்லச் சொல்லி என் கைடு மாதக்கணக்கில் பழக்கிய வாக்கியம் தானாக வாயில் வந்துவிட்டது.

“அது என் ஆய்வு எல்லைக்குள்ள வராதுக்கா.”

“சரிம்மா” என்று டம்ளர்களைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

மிச்சமான மைசூர்பாகு டப்பா மேசையில் அப்படியே இருக்கிறது. கொடுக்க இந்த அறையில் யாருமில்லை. ‘தெரியலக்கா’ என்று சொல்லியிருந்தால், அவர் இன்னும் கொஞ்ச நேரம் நின்று பேசியிருப்பார்.