கார்கிவ் போகாத சட்டைகள்

இன்று காலை வீரபாண்டியிலுள்ள நம் குடோனில் அந்த அட்டைப்பெட்டிகளில் ஒன்றைத் திறந்தேன். புதுத்துணி வாசனை எப்போதோ போய்விட்டது. மக்கிய அட்டையின் வாடைதான் மூக்கில் ஏறியது. உள்ளே நீ பொத்திப் பொத்தி வைத்திருந்த சரக்கு. குழந்தைகளின் குளிர்கால உள்சட்டைகள், மஞ்சள் துணியில் சின்னச் சின்ன வாத்துகள். கழுத்தில், ஆர்டர் கொடுத்த உக்ரைன்காரம்மாவின் கடைப்பெயர், நமக்கு வாசிக்கத் தெரியாத எழுத்தில். மிச்சச் சரக்கை மொத்தமாக வாங்கும் காதர்பேட்டை வியாபாரி பக்கத்தில் நின்று, "லேபிள வெட்டிக் குடுத்துருங்க, இன்னைக்கே வண்டி சொல்லிர்றேனுங்க" என்றார்.

ஆர்டர் ரத்தானால் கழுத்து லேபிளை வெட்டிவிட்டு உள்ளூரில் தள்ளிவிடுவது நம் ஊர் வழக்கம். இந்தச் சரக்குக்கு மட்டும் நீ கத்தரியைக் கிட்டே விடவில்லை. "அந்தம்மா கேன்சல்னு சொல்லல மாப்ளே. அவங்க சொல்றதுக்கு முந்தி நாம வெட்டுனா, செத்துட்டாங்கன்னு நாமளே முடிவு கட்டுன மாதிரி" என்றாய். பங்குதாரனாக எனக்கு எரிச்சல்தான் வந்தது.

வருடம் தவறாமல் அவர் கார்கிவிலிருந்து வருவார். உன் வீட்டுக் கொள்ளு ரசத்தைக் குடித்துவிட்டு, மூக்கு சிவக்க இன்னொரு டம்ளர் கேட்பார். கடைசி முறை கல்லூரியில் படிக்கும் மகனையும் அழைத்து வந்தார். மகனுக்கு உன் மனைவி கோழிக்குழம்பு ஊற்ற, அவன் கண்ணில் தண்ணீர் வழிய, அந்தம்மாவும் நீயும் சிரித்த சிரிப்பு பக்கத்து வீடுவரை கேட்டது.

ரஷ்யப் படை உக்ரைனுக்குள் நுழைந்த வாரம், டீக்கடையில் நான் காரணங்களை அடுக்கினேன். உடைந்துபோன சாம்ராஜ்யத்தை மறக்க முடியாத ஆட்சி, மேற்கத்திய ராணுவக் கூட்டணி தன் எல்லைவரை வருகிறது என்ற அதன் புகார், அண்டை நாட்டைத் தனி நாடாகவே மதிக்காத திமிர். "எம்.ஏ. ஹிஸ்டரி ஆரம்பிச்சுட்டாருங்க, எனக்கு இன்னொரு டீ போடுங்க" என்று கடைக்காரரிடம் சொன்னாய். பிறகு என் பக்கம் திரும்பி, "இதுல எதுதாண்டா நெசம்?" என்று கேட்டாய். எல்லாவற்றிலும் கொஞ்சம் இருக்கலாம், ஆனால் காரணம் இருப்பது வேறு, நியாயம் இருப்பது வேறு என்றேன். இன்றும் அதில் ஒரு சொல்லை மாற்றமாட்டேன்.

அடுத்து நடந்த பனியன் முதலாளிகள் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "அங்க பட்டாளத்துக்கு உள்பனியன் நெறைய வேணுமாமுங்க, நமக்கு நல்ல நேரமுங்க" என்றார். கைதட்டினார்கள். யார் யார் தட்டினார்கள் என்பது எனக்கு நினைவிருக்கிறது. அவர்கள் வீட்டு விசேஷம் எதற்கும் நான் போவதில்லை. உன் சாவுக்கு அவர்கள் மாலையோடு வந்தபோது நான் நாற்காலியைவிட்டு எழவும் இல்லை.

அந்தம்மாவின் செய்தியை அலுவலக ஃபோனில் எனக்கு வாசித்துக் காட்டினாய். கடை எரிந்துவிட்டது, மகன் போர்முனைக்குப் போய்விட்டான், தெருவில் ஒரு குழந்தைகூட இல்லை, சரக்கை வைத்திருங்கள். அதற்குப் பிறகு நீ அனுப்பியதற்கெல்லாம் ஒற்றை டிக்தான். "கரண்டு இருக்காதுடா, டவர் உழுந்திருக்கும்" என்று அவருக்காக நீயே சாக்குச் சொன்னாய். போன மழைக்காலத்தில் உன் நெஞ்சு நின்றுபோனது. நலமா என்று நீ கேட்டதற்குக் கடைசிவரை பதில் வரவில்லை.

நேற்று வந்தது. அந்தம்மாவின் தங்கை எழுதியிருந்தார். மகன் போர்முனையில் இறந்துவிட்டான். அக்கா உயிரோடு இருக்கிறார், ஆனால் சின்னச் சட்டை எதைக் கண்டாலும் எழுந்து போய்விடுகிறார். ஆர்டரை ரத்து செய்துவிடுங்கள்.

அதனால்தான் வியாபாரியை வரச்சொன்னேன். தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங் பெண்களிடம் கொடுக்காமல் கத்தரியை நானே எடுத்தேன். கொஞ்ச நேரத்தில் கை வலித்தது, நிறுத்தத் தோன்றவில்லை. உலகத்தின் மேல் எனக்கிருந்த கோபத்தில் ஒரு துளிகூட அதில் குறையவில்லை.

தங்கையின் செய்தியில் கடைசியாக ஒரு வரி இருந்தது. அக்காவைச் சிரிக்க வைப்பாரே, அந்த நண்பர் நலமா என்று அக்கா கேட்கச் சொன்னாராம்.

அந்த வீட்டுக்கு இன்னொரு சாவை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. நலம் என்று எழுதினேன். இனி அவர் எப்போது கேட்டாலும் உனக்காக நான்தான் பதில் எழுத வேண்டும்.