நாலாம் மேசையில் கழுவிய போர்டு

மார்ச் 3

மண்டை,

என் கம்ப்யூட்டரை நீ திருடிக்கொண்டு போனாய். கோபப்படாதே, நடந்ததைத்தான் சொல்கிறேன். வருடம் முழுக்க ஒரு நாள்கூட லீவு போடாததற்கு, கம்ப்யூட்டர் செய்யும் எங்கள் ஃபேக்டரியில் எனக்குக் கொடுத்த பரிசு அது. நீ வெளியூர் வேலைக்குக் கிளம்பிய அன்று உன் சட்டைகளுக்கு நடுவில் இருந்தது. "ஆசையா எடுத்துட்டுப் போறான், விடுடி" என்றாள் அம்மா. விட்டேன்.

இப்போது எனக்கு அது வேண்டும். என் கைகால் மரத்துப்போனதற்கு ஃபேக்டரிதான் காரணம் என்று போட்ட வழக்கு ஏப்ரல் இருபதாம் தேதி விசாரணைக்கு வருகிறது. அங்கே கம்ப்யூட்டருக்குள் வைக்கும் சர்க்யூட் போர்டுகளைக் கெமிக்கல் திரவத்தில் கழுவும் மேசையே இருந்ததில்லை என்கிறது கம்பெனி. கழுவிய போர்டுகளை வெளியிலிருந்து வாங்கினார்களாம். பதிவேடுகளை அழித்தாயிற்றாம். ஒன்பது வருடம் அந்தத் திரவத்தில் கையை விட்டுக்கொண்டிருந்தோம் ஐந்து பெண்கள்.

மற்றதை அப்புறம் எழுதுகிறேன். பேனா விரலில் நிற்கவில்லை. சீக்கிரம் அனுப்பு.

அக்கா

மார்ச் 14

அன்புள்ள அக்கா,

திருடன் எழுதுகிறேன். திட்டாக இருந்தாலும் உன்னிடமிருந்து கடிதம் வந்ததே, அது போதும்.

ஞாபகம் இருக்கிறதா? பத்திரிகையில் வரும் புரோகிராமை நீ வரிவரியாக வாசிப்பாய், நான் அந்த ரப்பர் பட்டன்களில் தட்டுவேன். "கமா, கமாடா மண்டை!" என்று கத்துவாய். புரோகிராமை ஏற்றும் கேசட் கால் மணி நேரம் கீச்சென்று இரையும், கடைசியில் திரைக்குப் பதிலாக வைத்த டிவியில் பிழை என்று வரும். நீ விழுந்து விழுந்து சிரிப்பாய். அப்புறம் அந்த வாசனை! மூடியில் மூக்கை வைத்தால் லேசாகத் தித்திக்கும். எங்கள் பழைய கம்ப்யூட்டர் பிரியர்கள் சங்கத்தில் பதினாறு பேர். கூடினால் அந்த வாசனையைப் பற்றித்தான் பேச்சு.

அடுத்த மாதம் கண்காட்சி வைக்கிறோம். உன்னுடையதைச் சங்கத்து டெக்னீஷியனிடம் கொடுத்திருக்கிறேன். நீதிபதி முன்னால் அது டக்கென்று ஆன் ஆக வேண்டாமா? புதுசு மாதிரி ஆக்கி அனுப்புகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி

மார்ச் 18

மண்டை,

யாரையும் அதைத் தொடவிடாதே. ஆன் ஆகாவிட்டால் போகட்டும், எனக்கு அழுக்கோடு வேண்டும்.

கழுவி முடித்த போர்டுக்கு அடியில் ஒரு சீட்டு ஒட்டுவோம். மேசை எண், தேதி, கழுவியவள் கையெழுத்து. எனக்கு வந்த கம்ப்யூட்டரில் நான் கழுவிய போர்டே வரும்படி பார்த்துக்கொண்டேன், ஒரு பெருமைக்கு. கம்பெனி இல்லை என்கிற எங்கள் நாலாம் மேசை அந்தச் சீட்டில்தான் இருக்கிறது.

உன் வாசனை அந்தத் திரவம்தான். தித்திக்கிறது என்று நாங்களும் சொல்லிச் சிரித்தோம். வேலை நேரத்தில் விசிலடித்துக்கொண்டே இருந்ததால் 'விசில்' என்று ஒருத்தியைக் கூப்பிடுவோமே, போன மாதம் செத்துப்போனாள். ஐந்தில் மிச்சம் நானும், படுத்த படுக்கையாகக் கிடக்கும் இன்னொருத்தியும். நான் வாசிக்க நீ ஏன் தட்டினாய் தெரியுமா? என் விரல் நுனியெல்லாம் வெடித்துக் கிடந்தது. உனக்கு கமாதான் ஞாபகம் இருக்கிறது.

உடனே போய் வாங்கு.

அக்கா

மார்ச் 27

அக்கா,

உன் கடிதம் வருவதற்கு முந்தின நாளே முடிந்துவிட்டது. போர்டை ஸ்பிரிட்டில் ஊறவைத்துப் பிரஷால் தேய்த்தார்கள். நானும் பக்கத்தில்தான் நின்றேன். "எவளோ கிறுக்கி வச்சிருக்கா சார், சுரண்டிடட்டுமா?" என்று கேட்டார் டெக்னீஷியன். குனிந்து வாசித்தேன். மேசை 4. கீழே உன் கையெழுத்து. பார்த்ததும் சிரிப்பு வந்தது, அவ்வளவு சின்னக் கையெழுத்து. பிறகு சுரண்டச் சொன்னேன். பளபளவென்று இருக்க வேண்டும் என்பது தவிர வேறு நினைப்பே இல்லை. போட்டோவும் எடுக்கவில்லை.

பார்சல் அனுப்பியிருக்கிறேன். நன்றாக ஆன் ஆகிறது.

இன்னொன்று. கண்காட்சிக்கு மண்டபம் கொடுப்பது அந்தக் கம்பெனிதான். தயவுசெய்து என் பேரை வழக்கில் இழுக்காதே. பதினாறு பேர் இரண்டு வருடமாகக் காத்திருக்கிறார்கள்.

தம்பி

ஏப்ரல் 4

மண்டை,

பெட்டி வந்தது. வக்கீல் போர்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரொம்ப சுத்தமா இருக்கேம்மா" என்றார். கம்பெனி வக்கீல்கூட இவ்வளவு சுத்தமாகத் துடைத்திருக்க மாட்டான்.

உங்கள் மண்டபம் யார் கையை ஊறவைத்துக் கட்டியது என்று அந்தப் பதினாறு பேரையும் கேட்டுப் பார். சரி, அதைக் கேட்க உனக்குத் தைரியம் வராது. வேறொன்று கேட்கிறேன். டெக்னீஷியனுக்கு அது வெறும் கிறுக்கல்; அந்தச் சீட்டை வாசித்தவர்களில் வழக்குக்கு வெளியே இருக்கும் ஆள் நீ ஒருத்தன். நேரில் வர வேண்டாம். உன் கடிதத்தில் வெறும் 'தம்பி' என்றுதான் இருக்கிறது, அது செல்லாதாம். பார்த்தது என்ன, சுரண்டச் சொன்னது யார் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. பதினைந்தாம் தேதிக்குள் வந்தால் சேர்த்துவிடலாம் என்கிறார் வக்கீல்.

அக்கா

ஏப்ரல் 16

மண்டை,

என் கை நின்றுவிட்டது. நான் சொல்ல எதிர்வீட்டுப் பெண் எழுதுகிறாள், கூரியரில் அனுப்புகிறேன்.

தபால்காரர் தெருமுனையிலேயே என்னைப் பார்த்துக் கையை விரிக்கிறார். தேதி தாண்டினாலும் நீதிபதியிடம் கெஞ்சிப் பார்க்கிறேன் என்று வக்கீல் சொல்கிறார். திங்கட்கிழமை பத்து மணிக்குக் கூப்பிடுவார்கள். படுத்திருப்பவளுக்கும் சேர்த்து நான்தான் போய் நிற்க வேண்டும்.

தந்தி மாதிரி ஒரு வரி, கீழே உன் கையெழுத்து, அது போதும். அந்தச் சீட்டில் என்ன எழுதியிருந்தது? சொல்.

அக்கா