கீழ்க் கட்டில்

ஜூலை 3, வெள்ளி
வெயில் 47. ஜன்னல் கண்ணாடிகூட வியர்க்கிறது. அம்மா தூங்கியாச்சு. குளியலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலையில் அப்பாவோடு மீன் வாங்கப் போனேன். பாதி வழியில் வண்டியை ஓரம் கட்டினார். சட்டையெல்லாம் ஈரம். "அப்பா?" என்றேன். என்னைப் பார்த்தார், அடையாளம் தெரியவில்லை. சுகர் இறங்கிவிட்டது. பையில் மாம்பழ ஜூஸ் இருந்தது. வாயில் வைத்தேன். பாதி அவர் சட்டையில் சிந்தியது.

பத்து நிமிஷம் கழித்து: "அம்மாட்ட சொல்லிராத, என்ன? கம்பெனிக்குத் தெரிஞ்சா பிளான்ட்டுக்குள்ள விடமாட்டான்."

"முன்னாடியும் வந்திருக்காப்பா?"

"டாக்டரம்மா இப்பவே விசாரணையா?"

சிரித்தார். மீன் வாங்கவில்லை. கடை பூட்டியிருந்தது என்று அம்மாவிடம் சொன்னார். நானும் தலையாட்டினேன்.

ஜூலை 5, ஞாயிறு
அம்மா காலேஜ் பேச்சை எடுத்தாள். நீட்டில் என் மார்க் போதவில்லை. பி.எஸ்ஸி. விலங்கியல் படித்துக்கொண்டே அடுத்த வருஷம் திரும்ப எழுதணும்.

மதுரை - காலேஜிலேயே நீட் வகுப்பு. ஹாஸ்டல் நிரம்பிவிட்டது. அம்மாவும் வந்து வீடு பிடிக்கணும்.
பாளை - ஹாஸ்டல் உண்டு. நீட் வகுப்பு இல்லை.

மதுரை என்றால் சவூதியில் இந்த ஜுபைல் வீடு காலி. அப்பா கம்பெனி கேம்ப்புக்கு, மற்ற ஆட்களோடு ஒரே அறைக்கு. இன்சுலின் ஊசி போட்டபின் சாப்பிட்டாரா என்று பார்க்க அங்கே யார்?

பாளை என்றேன்.

"ஏட்டி, ஹாஸ்டல் சோறு தின்னு பாத்திருக்கியா நீ? மதுரைதான். ஒரு வருஷம் பல்லக் கடி" என்றாள் அம்மா.

ஜூலை 7, செவ்வாய்
புழுதிக்காற்று. மதுரையிலிருந்து மெயில். இடம் கிடைத்துவிட்டது. நாளைக்குள் சம்மதம் சொல்லணும். மூன்று தடவை படித்தேன். அழித்தேன்.

"மதுரை கிடைக்கலம்மா."

அம்மா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே இருந்தாள். கால் கிலோ போதும். ஒரு கிலோவையும் நறுக்கிவிட்டாள்.

எனக்கு மதுரைதான் வேண்டும். இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன்.

ஜூலை 8, புதன்
விண்ணப்பத்தில் அப்பா நம்பரும் கொடுத்திருந்தேன். மறந்தே போனேன். பிளான்ட்டுக்குள் போன் கூடாது, கேட் லாக்கரில் கிடக்கும். டூட்டி முடிந்து எடுத்தவர் காலேஜ் மெசேஜைப் பார்த்து, அங்கேயே நின்று சம்மதம் கொடுத்துவிட்டார். லட்டுப் பெட்டியோடு வந்தார்.

"ரெண்டாவது லிஸ்ட்ல வந்திருக்கு" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா அழுதாள், சிரித்தாள்.

துணி எடுக்க பால்கனிக்குப் போனேன். பின்னாலேயே வந்தார்.

"ஏன் பிள்ள கிடைக்கலன்னு சொன்ன?"

கொடியிலிருந்து துணிகளை எடுத்துக்கொண்டே இருந்தேன்.

"கேம்ப்ல கீழ்க் கட்டில் கேட்டு வாங்கிட்டேன். மேல இருந்து விழமாட்டேன். போதுமா?"

"பக்கத்துக் கட்டில்ல யாருப்பா?"

"தெரியாது. எவனாவது நல்லவனா வருவான்."

"அம்மாட்ட சொல்லிருவேன்."

"சொன்னா அவ கிளம்பமாட்டா. உனக்கு மதுரையும் கிடையாது."

சொல்லவில்லை.

ஜூலை 9, வியாழன்
டிக்கெட் போட்டாச்சு. அம்மாவுக்கும் எனக்கும்.

பக்கத்துக் கட்டில்காரரிடம் கொடுக்க அட்டை எழுதுகிறேன். கொடுப்பதாக அப்பா சத்தியம் செய்திருக்கிறார். எழுத வேண்டியது: இவர் வியர்த்துப்போய்ப் பேசாமல் இருந்தால் ஜூஸ் கொடுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாதீர்கள், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். இவ்வளவுதான்.

ஹிந்தியில் எழுதிவிட்டேன். ஸ்கூலில் படித்தது இதற்காவது ஆனது. இங்கிலீஷிலும் முடிந்தது. தமிழ்க்காரராக இருந்தால்? தமிழில் எழுத உட்கார்ந்து ஒரு மணி நேரம். "என் அப்பா வியர்த்துப்போய்" வரைதான் வந்திருக்கிறேன். மற்ற இரண்டிலும் "இவர்" என்று எழுத முடிந்தது.