ஞாயிற்றுக்கிழமை மன்னன்

அன்பு மகளுக்கு,

நானும் உன் அம்மாவும் தம்பியும் இங்கு நலம். நீயும் நலமென்றே நம்ப விரும்புகிறேன். ஆனால் எடைக்கற்களைச் சரிபார்த்தே காலம் கழித்தவன் நான், நேற்றுத் தொலைபேசியில் நீ சொன்ன “நல்லாத்தான் இருக்கேன்பா” எடை குறைவாக இருந்தது. தலைமைச் செவிலியர் பொறுப்பை ஏற்பதா இல்லையா என்று ஒரு வாரம் கழித்துத் திங்களன்று பதில் தரவேண்டும் என்றாய். “எனக்கு ஆளத் தெரியாதுப்பா, அந்த ஞாயித்துக்கிழமையே தெரிஞ்சுபோச்சே” என்றும் சொன்னாய்.

அந்த ஞாயிறு எனக்கும் நினைவிருக்கிறது, அப்போது நீ பள்ளிச் சிறுமி. ஞாயிறுதோறும் ஒருவர் முறைவைத்து நம் வீட்டுக்கு மன்னர். துண்டுதான் தலைப்பாகை, சன்னலோர நாற்காலிதான் அரியணை. நான் விதித்தவை இரண்டு: இட்ட ஆணையை இருட்டும்வரை மாற்றக்கூடாது, மன்னர் கடைசியாகத்தான் சாப்பிடவேண்டும். உன் வண்ணப்பெட்டியை மிதித்து உடைத்த தம்பியிடம் யாரும் பேசக்கூடாது என்று ஆணையிட்டாய். மதியம் அவனுக்குக் காய்ச்சல் கண்டது. ஆணை உன்னையும் கட்டியது. நீ வாய் திறக்காமல் நாற்காலியை அவன் கட்டிலருகே இழுத்துப் போட்டாய், தலைப்பாகையை அவிழ்த்து நனைத்து அவன் நெற்றியில் இட்டாய், சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்து வரவில்லை. விளக்குப் போட்டதும் உன் முதல் வார்த்தை, “தண்ணி வேணுமாடா?”

உனக்கு ஆணை நினைவிருக்கிறது, எனக்கு அந்த நாற்காலி. மன்னன் என்ற சொல்லின் வேர் மன்னுதல். நிலைத்திருத்தல் என்று பொருள். முடியும் மிடுக்கும் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவை. இப்போது புளுகுகிறவனும் மன்னன், கடன்காரனும் மன்னன். உன் தம்பிக்கு அம்மா சூட்டியிருக்கும் பட்டம் தூக்க மன்னன். வேர்ப்பொருளுக்கு உரியவராக அன்று நம் வீட்டில் ஒருவர்தான் இருந்தார்.

தண்டனை அனுபவித்தவனையே கேட்டுவிட்டேன். “அக்கா ஆண்டா எனக்குச் சம்மதம், பேச மட்டும் விடணும்” என்கிறான்.

இந்த ஞாயிறு முறை உன் அம்மாவுடையது. “ராஜா கடைசியா சாப்பிடற சட்டத்தை இன்னையோட எடுத்துட்டேன்னு எழுதுங்க. வார்டுல எல்லாரும் சாப்பிட்டாச்சான்னு பாத்துப் பாத்தே இவ பட்டினி கிடப்பா” என்கிறாள். விதியை இயற்றிய எனக்கு இதில் உடன்பாடில்லை. ஆனால் ஆணை ஆணைதான், இன்னும் இருட்டவில்லை. ஆகவே திங்களன்று பதில் சொல்லப் போகுமுன் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போ.

எனக்குத் தெரிந்த வாழ்த்து ஒன்றுதான்.

மன்னுக, மகளே.

இவ்வாரக் குடிமகன்,
அப்பா